இரட்டைக்கம்பு பிடிக்கும் முன்: ஆற்று மணலில் தொடங்குபவர்களுக்கு

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். அடுத்த சில வாரங்களில் திருவையாற்றுக்குக் கீழே காவிரி மெலிந்து, கரையோரம் ஓர் ஓடையாக ஒதுங்கிவிடும். நடுவில் கிடக்கும் மணல்தான் எங்கள் சிலம்பக் கூடம். ஜூன் 12-இல் அணை திறந்து தண்ணீர் வந்து சேரும் வரை ஏறக்குறைய நான்கு மாதம் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் மாசியில் புதிதாக வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "மாஸ்டர், இரட்டைக்கம்பு எப்போ?"

சாமி புறப்பாட்டுக்கு முன்னால் இரண்டு கையிலும் கம்பைச் சுழற்றிக்கொண்டு போகிறவரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நானும் அப்படிப் பார்த்துத்தான் இதற்குள் வந்தேன். நல்ல ஆசைதான், அதை அடக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வீச்சு வேறு, சண்டை வேறு. போட்டிகளிலும் இரட்டைக்கம்பு என்பது தனியாக நின்று வீசிக் காட்டும் பிரிவு. எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் கம்புச்சண்டைக்கு ஒற்றைக்கம்புதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதற்குப் பிறகு எங்கள் மணலுக்கும் ஆட்கள் கூடுதலாக வருகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆயுதம் சண்டைக்கு உதவுமா?

உதவும். ஆனால் இரண்டு கையும் அடிக்கப் போனால் உதவாது. காரணத்தை நான் சொல்வதைவிட நீங்களே பார்த்துவிடலாம். ஒரு சுவரைப் பார்த்து நில்லுங்கள். வலது காலை முன்னால் வைத்து, வலது தோளை நன்றாகத் தள்ளி, கையை நீட்டுங்கள். விரல் நுனி சுவரைத் தொடும் தூரத்தில் நின்றுகொள்ளுங்கள். இப்போது காலை அசைக்காமல் இடது கையையும் அதே அளவு நீட்டிப் பாருங்கள். இடது தோள் முன்னே வர வர வலது தோள் பின்வாங்கும். தொட்டுக்கொண்டிருந்த விரல் ஏறக்குறைய ஒரு சாண் விலகி நிற்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அடிக்கிறவர் அந்த ஒரு சாணை எதிராளிக்கு இனாமாகக் கொடுக்கிறார். கம்புச்சண்டையில் ஒரு சாண் என்பது மிகப் பெரிய தூரம்.

இன்னொன்று பலம். நெற்றி உயரக் கம்பை இரண்டு கையால் பிடிக்கும்போது ஒரு கை தள்ளுகிறது, மறு கை இழுக்கிறது. அதனால்தான் நுனி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வருகிறது. கைக்கொரு கம்பென்று பிரித்துவிட்டால் அந்த உதவி போய்விடும். ஒவ்வொரு கையும் தன் மணிக்கட்டை மட்டுமே நம்ப வேண்டும். சீக்கிரம் களைப்பும் வரும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருபது வயதில் இரட்டைக்கம்பு வீச்சு எனக்கு நன்றாக வரும். ஒரு பங்குனித் திருவிழா முடிந்த மறுநாள், பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒற்றைக்கம்போடு வந்தார். அறுபதைத் தாண்டியவர். "ஒரு சுற்று பார்ப்பமா தம்பி?" என்றார். நான் இரண்டு கம்பையும் சுழற்றிக்கொண்டே நெருங்கினேன். அவர் சுழற்சியைப் பார்க்கவே இல்லை, என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் அடி கட்டை விரலில், இரண்டாவது முழங்காலில். என் கம்பு எதுவும் அவர் சட்டையைக்கூடத் தொடவில்லை. மஞ்சள் பற்றுப் போடும்போது அவர் சொன்னதை இன்றும் பிள்ளைகளிடம் அப்படியே சொல்கிறேன்: "ஒரு கை வேலை செய்யுது, இன்னொரு கை சும்மா சுத்திக்கிட்டு இருக்கு. அதுக்கு ஒரு வேல குடு."

என்ன வேலை என்பதைத் தவில் வாசிப்பவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். இந்தப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார், இடது கையில் குச்சி. ஒரு பக்கம் விரல் ஓடும், மறுபக்கம் குச்சி இறங்கும். ஒரு கை செய்வதை மறு கை செய்வதில்லை, ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் நிற்கின்றன. அறுப்பு அறுப்பவரும் அப்படித்தான். இடது கை தாளைப் பிடித்து நிறுத்த, வலது கையின் கருக்கரிவாள் அறுக்கிறது. இரண்டு கையிலும் அரிவாளைக் கொடுத்தால் ஒரு கட்டுகூட ஒழுங்காக அறுக்க முடியாது. சண்டையில் இடது கையின் வேலை அந்தப் பிடித்து நிறுத்தும் வேலைதான். வருகிற ஆயுதத்தை அது தடுத்து அழுத்தி வைக்க வேண்டும். அந்த இடைவெளியில் வலது கை அடிக்க வேண்டும்.

வெளியூர்களில் இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டத் தொடங்கிய 1620-ஐ ஒட்டிய காலத்தில், ஐரோப்பிய நகரங்களில் வலது கையில் நீண்ட மெல்லிய வாளும் இடது கையில் குத்துவாளும் பிடித்துச் சண்டை போடும் வழக்கம் இருந்தது. குத்துவாள் முதலில் தடுப்புக்கு, அப்புறம்தான் குத்துக்கு. பழங்காலப் போர்க்களத்தில் வேலும் கேடயமும்தான் பெரும்பாலும் நின்றன. அம்பைக் கேடயம் தடுக்கும், குத்துவாள் தடுக்காது. ஆனால் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடக்க முடியாது, குத்துவாளை இடுப்பில் செருகிக்கொள்ளலாம். இரட்டை ஆயுதம் ஊருக்குள் பிறந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஜப்பானில் 1645-இல் மறைந்த மியாமோத்தோ முசாஷி இரண்டு வாள் முறையை வகுத்தார். அதிலும் ஒன்று நீளம், ஒன்று குட்டை. மூங்கில் வாளால் ஆடும் இன்றைய கெண்டோ விளையாட்டின் விதியைப் பாருங்கள். ஒற்றை மூங்கில் வாள் பிடிக்கும் வயது வந்த ஆண் 120 செ.மீ. வரை வைத்துக்கொள்ளலாம். இரண்டு பிடித்தால் நீளமானது 114 செ.மீ.க்குள், குட்டையானது 62 செ.மீ.க்குள். அங்கேயும் பெரும்பாலோர் ஒன்றுதான் பிடிக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாடு 2009-இல் சட்டம் போட்டுத் தன் தேசிய விளையாட்டாக அறிவித்த அர்னிஸ் என்ற குச்சிச் சண்டையில் இரட்டைக் குச்சி உண்டு. அவர்களிடமும் 'எஸ்பாடா இ டாகா' என்று நீளம்-குட்டை முறை தனியாக இருக்கிறது.

சரி, மணலுக்கு வருவோம்.

கம்பு எடுப்பது

ஒற்றைக்கம்பு உங்கள் நெற்றி உயரம் இருக்கட்டும். அது இல்லாமல் இரட்டைக்கு வரவே வேண்டாம். காலடி வரிசை தடுமாறாமல் வர வேண்டும். வணக்கம், முன்வீச்சு, பின்வீச்சு, தலைக்கும் விலாவுக்கும் காலுக்கும் வரும் அடியைத் தட்டுவது, இதெல்லாம் ஒற்றைக்கம்பில் குறைந்தது ஓராண்டு பழகியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. சிலர் ஆறு மாதம் போதும் என்பார்கள். அவர்களிடம் படித்தவர்கள் என்னிடம் வந்து மீண்டும் காலடியிலிருந்து தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஓராண்டு முடிந்து வரும் மாசியில் தொடங்கும் இரட்டைக்கு இரண்டு ஜோடி வேண்டும். ஒரு ஜோடியில் வலது கைக்கு இரண்டு முழக் கம்பு, இடது கைக்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒன்று. இன்னொரு ஜோடியில் இரண்டும் சமமாக, ஒன்றரை முழம். வீச்சுக்கு எடுக்கும் மார்பு உயரக் கம்புகளை இப்போது தொடாதீர்கள். நான்குமே பிரம்பாக இருப்பது நல்லது. பிரம்பு அடி வாங்கி வாங்கி நார் நாராகப் பிரியும். மூங்கில் பிளந்தால் கத்திபோலச் சிலாம்பு நீட்டிக்கொண்டு நிற்கும், அது கண்ணுக்கு ஆபத்து. மூங்கில்தான் கிடைக்கிறது என்றால் கெட்டியான கல்மூங்கிலாகப் பாருங்கள். கணுவை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, தினமும் தொடங்கும் முன் கையால் தடவிப் பார்த்து, விரிசல் இருந்தால் அடுப்புக்குப் போட்டுவிடுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குக் கவசம், இரண்டு கைக்கும் தடித்த கையுறை. கையுறையைப் பலர் வேண்டாம் என்பார்கள். எதிராளிக்கு மிக அருகில் இருப்பது உங்கள் விரல்கள்தான். கம்பில் கையைக் காக்கும் பிடி எதுவும் கிடையாது. நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை விரலில்தான். கையுறை இல்லாமல் ஜோடிப் பயிற்சிக்கு யாரையும் நான் விடுவதில்லை.

முதல் ஐந்து வாரம்: இடது கை மட்டும்

வலது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். குட்டைக் கம்பை அடியில் ஒரு முஷ்டி அளவு விட்டுப் பிடியுங்கள். கட்டை விரல் கம்பின் மேல் நீண்டு படுக்காமல் சுற்றிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் முதல் மோதலிலேயே கம்பு நழுவும். தினமும் கால் மணி நேரம் மணிக்கட்டைச் சுழற்றுங்கள். அதற்குமேல் வேண்டாம், இடது மணிக்கட்டு வீங்கினால் இரண்டு வாரம் வீணாகும்.

பிறகு ஒரு பழைய சைக்கிள் டயரைத் தென்னையில் தோள் உயரத்துக்குக் கட்டுங்கள். வலது கையால் பத்து அடி, இடது கையால் பத்து அடி. ஓசையைக் கேளுங்கள். வலது கை 'டப்' என்று கெட்டியாகப் பேசும், இடது கை வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு ஓசையும் நெருங்கி வரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். சிலருக்கு ஐந்து வாரம் போதாது. பரவாயில்லை, காவிரி நம்மை அவசரப்படுத்தவில்லை.

ஜோடியாக ஒருவர் வந்தால், அவர் ஒற்றைக்கம்பால் மெதுவாகத் தலை, தோள், இடுப்பு, முழங்கால் என்று நான்கு இடத்துக்கும் கொண்டுவரட்டும். நீங்கள் இடது கையால் மட்டும் தட்டுங்கள். இடது முழங்கையை விலாவோடு ஒட்டாமல், கொஞ்சம் முன்னால் விட்டு நிறுத்துங்கள். தடுப்பு உடம்புக்குப் பக்கத்தில் நடந்தால் அடி அதைத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்துவிடும்.

நீளமும் குட்டையும்

இந்தப் படியில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். பங்குனியில் மீதியுள்ள நாள் முழுவதையும் நான் இதற்கே கொடுத்துவிடுவேன்.

வலது காலும் வலது கையும் முன்னால். இடது கையின் குட்டைக் கம்பு மார்புக்கு நேரே, நுனி சற்று மேலே. எதிராளி தலைக்கு அடிக்கிறார். முதலில் இதை இரண்டு எண்ணிக்கையில் செய்யுங்கள். 'த' என்றால் இடது கை தட்ட வேண்டும், 'க' என்றால் வலது கை அடிக்க வேண்டும். த… க, த… க. வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், வெட்கப்பட வேண்டாம். நூறு முறை ஆனதும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். த-க. தக. கடைசியில் இரண்டும் ஒரே தட்டாக விழ வேண்டும். அவருடைய கம்பு உங்கள் இடது கம்பில் மோதும் அதே கணத்தில் உங்கள் வலது கம்பு அவர் மீது இருக்க வேண்டும்.

இரண்டு ஆயுதத்தின் உண்மையான லாபம் இதுதான். ஒற்றைக்கம்புக்காரர் தட்டிவிட்டுத் திருப்பி அடிக்கப் பெரும்பாலும் இரண்டு அசைவு தேவை. நீங்கள் அதை ஒன்றாக்குகிறீர்கள். நீளத்திலும் பலத்திலும் இழந்ததை நேரத்தில் திரும்பப் பெறுகிறீர்கள். இந்த ஒற்றைத் தட்டு வரவில்லை என்றால் இரண்டு கம்பு வைத்திருப்பதால் உங்களுக்கு நஷ்டம் மட்டுமே.

மூன்று தவறுகள் எல்லோருக்கும் வரும். அடிக்கும் ஆர்வத்தில் இடது கை கீழே தொங்கிவிடும். வாத்தியார் பின்னால் நின்று அந்த முழங்கையை ஒரு குச்சியால் தொட்டுக்கொண்டே இருந்தால் சரியாகும். இரண்டாவது, கைகள் குறுக்கே பின்னிக்கொள்வது. தடுத்த கை கீழே அழுத்த வேண்டும், அடிக்கும் கை அதற்கு மேலாகப் போக வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசிச் சிக்கல் தீரும். மூன்றாவது கால். கை இரண்டானதும் கால் நின்றுவிடும். மணலில் உங்கள் காலடித் தடத்தைத் திரும்பிப் பாருங்கள். ஒரே இடத்தில் குழி விழுந்திருந்தால் நீங்கள் நின்றபடி சண்டை போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தக் குழியை மூடிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

மணல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே வண்டல் மூடிச் சமமாகத் தெரியும். களத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கம்பால் குத்திப் பார்த்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து எல்லை கட்டுங்கள்.

இரண்டும் சமம்

சித்திரையில் ஒன்றரை முழ ஜோடியை எடுக்கலாம். அர்னிஸ்காரர்கள் இருவர் எதிரெதிரே நின்று கம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக மோதிப் பழகுவதைச் 'சினவாலி' என்கிறார்கள். மூங்கில் தட்டி முடைவதிலிருந்து வந்த பெயர். கீற்று முடைவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் போக்கு உடனே பிடிபடும். கோலாட்டம் ஆடிய பெண் பிள்ளைகள் முதல் நாளிலேயே ஆண் பிள்ளைகளை முந்திவிடுகிறார்கள். இடது கை அவர்களுக்கு ஏற்கெனவே விழித்திருக்கிறது.

ஆனால் கோலாட்டத்தில் கோல் கோலைத்தான் தேடும். அந்தப் பழக்கத்தோடு சண்டைக்குப் போனால், எதிராளியின் உடம்பு திறந்து கிடக்கும்போதும் உங்கள் கம்பு அவருடைய கம்பைத் தேடிக்கொண்டு போகும். அதனால் பத்து நிமிடம் பின்னல் பழகினால், இருபது நிமிடம் ஆளைக் குறிவைத்துப் பழகுங்கள். ஜோடியின் கையுறை மேல் சிவப்புத் துணி கட்டி, அதை மட்டும் தொடப் பாருங்கள்.

நெடுங்கம்புக்கு எதிரே

நண்பரிடம் நெற்றி உயரக் கம்பைக் கொடுத்துவிட்டு நீங்கள் இரண்டு குட்டைக் கம்போடு நில்லுங்கள். தூரத்தில் நின்றால் ஜெயிக்கவே முடியாது, அதை முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். அவர் நுனி உங்களைத் தொடும், உங்கள் நுனி அவரைத் தொடாது. அவர் அடி கடந்துபோன கணத்தில், அல்லது உங்கள் தட்டில் மோதிய கணத்தில், இடது கம்பால் அவர் கம்பை அழுத்தியபடியே ஒரு முழுக் காலடி உள்ளே போக வேண்டும். அழுத்துவதை விட்டுவிட்டு நுழைந்தால் கம்பின் மறுமுனை வந்து விலாவில் நிற்கும். உள்ளே போய்விட்டால் நீளக் கம்பு அவருக்கே பாரம், குட்டைக் கம்பு உங்களுக்குச் சாதகம்.

பத்துச் சுற்றில் மூன்று முறை நுழைய முடிந்தால் நல்ல முன்னேற்றம். நுழைய முடியாத நாளில் பின்வாங்கிப் பழகுங்கள், அதுவும் பாடம்தான். வாளும் கேடயமும் பழக வாய்ப்பிருந்தால் அதையும் ஒருமுறை இதே நெடுங்கம்புக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கேடயத்தோடு நுழைவது எவ்வளவு எளிது என்பது உடனே தெரியும்.

கூர் உள்ளவை

இரட்டை வாள், மான்கொம்பு எனும் மடுவு, சுருள்வாள் ஆகியவற்றைக் கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில் ஒன்றே. முதல் பருவத்தில் கிடையாது. சுருள்வாள் பிடித்தவரையே வெட்டும், அதை வாத்தியார் நேரில் நின்று பார்க்காமல் யாரும் சுழற்றக் கூடாது. மடுவு உண்மையில் இரண்டு கை ஆயுதப் பாடத்தின் சுருக்கம். கொம்பின் உடல் தடுக்கும், முனை குத்தும். ஆனால் பழைய மடுவுகளில் இருக்கும் கொம்பு வெளிமானுடையது. நம் கோடியக்கரையில் ஓடுகிறதே, அதே மான். அதைக் காக்கத்தான் 1967-இல் அங்கே சரணாலயம் அறிவித்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றம், கீழே கிடந்ததை எடுத்து வருவதும் குற்றம். மரத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள், பழகுவதற்கு அதுவே நல்லது.

திருவிழாவில் கூர் ஆயுதம் எடுத்துச் சுற்றுவதானால் கோயில் நிர்வாகமும் காவல் நிலையமும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சாலையில் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், பையில் சுற்றி எடுத்துப் போங்கள்.

தண்ணீர் வந்த பிறகு

வைகாசிக் கடைசியில் மார்பு உயரக் கம்புகளை எடுத்து, முதல் நாள் கேட்டீர்களே, அந்த இரட்டைக்கம்பு வீச்சைத் தொடங்கலாம். இடது கை இப்போது தூங்காததால் அது நீங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வரும். ஜூனில் அணை திறந்த செய்தி வந்தாலே மணலைக் காலி செய்துவிடுங்கள். தலைப்புத் தண்ணீர் எந்த நேரத்தில் வந்து சேரும் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். செங்கல்களையும் டயரையும் முதல் நாளே கரையேற்றுங்கள். குறுவை நடவு முடியும் வரை வீட்டுக் களத்தில் தினமும் கால் மணி நேரம் இடது கையை மட்டும் விடாமல் சுழற்றுங்கள். கம்புகளுக்கு வேப்பெண்ணெய் தடவி, சுவரில் சாய்க்காமல் இரண்டு ஆணியில் படுக்க வையுங்கள். சாய்த்து வைத்தால் ஐப்பசி ஈரத்தில் வளைந்துவிடும், எண்ணெய் இல்லையென்றால் உளுத்துப் போகும்.